சூலகப் புற்றும் ஆடவர் கடமையும்

மாதர் நோயைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவது தகுமா என்று நேயர்களில் சிலர் வினவக்கூடும். தகும் என்பதே நமது துணிபு. வீட்டின் பணப்பையும், ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்ற தீர்மானமும் இன்னும் பெரும்பாலான குடும்பங்களில் ஆடவர் கையிலேயே இருக்கின்றன. தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் உளதோ, அறிந்துகொள்ளும் பொறுப்பும் அவருடையதே. ஆகவே சூலகம் என்றும் சினைப்பை என்றும் வழங்கும் உறுப்பில் தோன்றும் புற்றுநோயைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூறப் புகுகின்றோம்.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் உழைப்பாளிகளின் ஊர்கள். நூலாலைகளுக்குப் பெயர் பெற்றது ஒன்று. கைத்தறிக்கும் பால்கோவாவுக்கும் பெயர் பெற்றது மற்றொன்று. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ப் பிறர் புண்ணைக் கட்டுகிறது. இத்தொழில்களில் பெரும் பாரம் சுமக்கும் மாதர் தம் நோயை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வயிறு உப்பினால் வாயு என்கிறோம். நாலு கவளத்தில் வயிறு நிறைந்தால் அஜீரணம் என்கிறோம். அடிக்கடி நீர் பிரிந்தால் உடற்சூடு என்கிறோம். ஓமநீரிலும் பெருங்காயத்திலும் சில வாரங்கள் கழிகின்றன. மருந்துக்கடை மாத்திரையில் சில மாதங்கள் கழிகின்றன. பிறகு வயிற்றில் நீர் கோத்து மதுரைக்குப் புறப்படும்போது நோய் பெரும்பாலும் முற்றிவிடுகிறது. இது ஏழைக்கு மட்டும் நேர்வதன்று. ‘பம்பாய்’ திரைப்படத்தால் தமிழ்நாடு அறிந்த மனிஷா கொய்ராலாவுக்கு 2012-ல் இந்நோய் முற்றிய நிலையிலேயே தெரிய வந்தது. நியூயார்க் நகரில் அறுவையும் மருந்தும் பெற்று அவர் மீண்டார்.

சூலகப் புற்று ஒரே நோயன்று. பல நோய்களின் பொதுப்பெயர். இளம் பெண்களிடம் காணும் முட்டை அணு வகை விரைந்து வளர்வதாயினும் மருந்துக்குப் பெரும்பாலும் பணியும். ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும் வகைகளும் உண்டு. ஆனால் அதிகமாகக் காண்பதும், அதிகமான உயிர்களைக் கொள்வதும் சீரஸ் என்னும் வகையின் உக்கிரமான பிரிவே. இது பல சமயங்களில் சூலகத்தில் அன்று, அதனை ஒட்டிய கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்பதை இந்நூற்றாண்டின் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அணுக்களைக் காவல் புரியும் பி-53 என்னும் மரபணு இவ்வகையில் ஏறக்குறைய எல்லோருக்கும் பழுதுற்றிருக்கிறது. இந்த உறுப்பைச் சுற்றி நோயைத் தடுத்து நிறுத்தும் மதிலும் இல்லை. உதிர்ந்த அணுக்கள் வயிற்று நீரில் மிதந்து குடலை மூடும் கொழுப்புச் சவ்விலும் உதரவிதானத்திலும் படிகின்றன. அமெரிக்கக் கணக்குப்படி, நோய் சூலகத்தோடு நிற்கும்போது கண்டால் பதின்மரில் ஒன்பதின்மர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். தொலைவில் பரவியபின் கண்டால் மூவர் அளவிலேயே வாழ்கின்றனர்.

காரணம் யாது? வயது முதற்காரணம், மாதவிலக்கு நின்ற பின்னரே பெரும்பாலோருக்கு வருகிறது. 1971-ல் எகிப்து தேசத்து வைத்தியர் பதல்லா என்பார் ஒரு கருத்தை வெளியிட்டார். மாதந்தோறும் முட்டை வெளிப்படும்போது சூலகத்தின் மேற்புறம் கிழிந்து ஆறுகிறது. ஓய்வின்றி இது நிகழ்வதே கேட்டுக்கு வித்து என்றார். கருவுற்ற காலமும், பாலூட்டும் காலமும், கருத்தடை மாத்திரை உண்ணும் காலமும் அவ்வுறுப்புக்கு ஓய்வு தருகின்றன. 21 தேசங்களின் 45 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2008-ல் பார்த்தபோது, மாத்திரை உண்டவர்களுக்கு இந்நோய் குறைவென்பது தெளிவாயிற்று. இதனால் பிள்ளைகளைப் பெருக்குக என்றோ, எல்லோரும் மாத்திரை உண்க என்றோ நாம் கூறவில்லை. சிறு குடும்பத்தால் மாதர் அடைந்த நன்மை பெரிது. மாத்திரைக்கும் தீங்குகள் உண்டு. அது வைத்தியரைக் கேட்டுச் செய்யவேண்டியது.

கருப்பையின் உட்சவ்வு வெளியே வளரும் நோய், சூலகப் புற்றின் சில வகைகளுக்கு வழி திறக்கிறது. புகைப்பழக்கம் வேறொரு வகையை வளர்க்கிறது. கூரைத் தகடுகளில் சேரும் கல்நார் சூலகப் புற்றை விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்று ஆராய்ச்சி நிலையம் 2009-ல் முடிவு செய்தது. ஆகவே அத்தகட்டை அறுக்கையில் எழும் தூசியை மாதரும் ஆடவரும் அஞ்சியே விலகவேண்டும். முகப்பவுடரில் சேரும் டால்க் புற்றை விளைவிக்கலாம் என்னும் வலுவான ஐயத்தை அதே நிலையம் 2024-ல் வெளியிட்டது.

இவை யாவற்றினும் பெரிது பரம்பரை. பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்னும் இரு மரபணுக்களில் பழுதுள்ள பெண்களுக்கு அபாயம் பன்மடங்காகிறது. பழுதில்லாத பெண்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு வரும் நோய், முதல் மரபணு பழுதுற்றவர்களில் எண்பது வயதுக்குள் நாற்பதின்மருக்கு மேல் வருகிறது. இரண்டாவது பழுதுற்றவர்களில் ஏறக்குறைய பதினேழு பேருக்கு வருகிறது. யூத மரபினரிடம் மிகுந்து காணும் ஒரு பழுது தென்னிந்தியக் குடும்பங்கள் சிலவற்றிலும் காணப்பட்டிருக்கிறது. பழுது தாய்வழியே வரவேண்டும் என்பதில்லை, தந்தைவழியேயும் வரும். தந்தை நோயின்றி வாழ்ந்து, மகளுக்குச் சரிபாதி வாய்ப்போடு அதனைக் கொடுத்துச் செல்லலாம்.

இங்குதான் நம் ஊர்களின் வழக்கம் நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. மணம் பேசும்போது மூன்று தலைமுறைக்கு யார் யாருக்குப் பெண் கொடுத்தார், யார் எந்தக் கொடிவழி என்று பிசகின்றிச் சொல்கிறோம். அத்தை எதனால் இறந்தாள், பெரியம்மாவின் மார்பில் வந்த கட்டி யாது என்று கேட்டாலோ வாய் மூடிக்கொள்கிறோம். “வயிற்றுக் கோளாறு” என்று ஒரு சொல்லில் அடக்கி, மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று அஞ்சுகிறோம். மறைத்தால் மரபணு மறைந்துவிடுமா? அஞ்சி மறைத்த அந்தச் செய்தியே அம்மகளின் உயிரைக் காக்கவல்ல செய்தியாகும். பழுது உண்டெனத் தெரிந்த பெண், பிள்ளைப்பேறு முடிந்தபின் வைத்தியர் ஆலோசனையோடு சூலகத்தையும் கருக்குழாயையும் எடுத்துக்கொண்டால் அபாயத்தின் பெரும் பகுதி நீங்கும்.

எல்லோருக்கும் சோதனை செய்து முன்கூட்டியே பிடித்துவிடலாகாதா எனலாம். இங்கிலாந்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் ரத்தச் சோதனையும் ஸ்கானும் செய்து பல ஆண்டு தொடர்ந்தனர். அச்சோதனையால் மரணம் குறையவில்லை என்பதே 2021-ல் வெளிவந்த முடிவு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ச் சோதனை முடிந்ததால் கவலையில்லை என்று எண்ணுவோரும் உளர். அச்சோதனை நல்லதே, ஆனால் சூலகத்தைக் காட்டாது. ஆதலின் அறிகுறியே நமது தூதன். வயிற்று உப்பல், அடிவயிற்று வலி, விரைவில் வயிறு நிறைதல், அடிக்கடி நீர் பிரிதல் ஆகியவை புதிதாய்த் தோன்றி, மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் ஸ்கான் எடுப்பதே முறை. கட்டி தெரிந்தாலும் நடுங்க வேண்டா; சூலகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல. ஆனால் ஐயமுள்ள கட்டியை அவசரமாய் ஊசியால் குத்தவோ, உடைத்து எடுக்கவோ கூடாது. உள்ளே அடங்கியிருந்த நோய் வயிற்றில் சிந்திவிடும். இவ்வறுவை அதில் தேர்ந்த நிபுணரின் கைக்கு உரியது.

இன்னுமொரு வழி ஆராயத்தக்கது. தமிழ்நாட்டில் எண்ணற்ற மாதர் குடும்பநல அறுவை செய்துகொள்கின்றனர். குழாயைக் கட்டுவதாலேயே இந்நோய் ஓரளவு குறைகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து வைத்தியர் 2010 முதல், கட்டுவதற்குப் பதில் குழாயை முழுதும் எடுக்குமாறு ஊக்கினர். அங்ஙனம் எடுக்கப்பட்டவர்களிடம் சீரஸ் வகை ஒன்றும் காணவில்லை என்று 2022-ல் வெளியிட்டனர். நமது வைத்தியர் சங்கங்கள் இதனைப் பரிசீலிக்கட்டும்.

இத்துறையில் தமிழ்நாடு வெறுங்கையோடு நிற்கவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்தார். 1955-ல் அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் மறையும் வரை அதற்கே உழைத்தார். ஒரு வீட்டின் துக்கத்தைப் பொதுப்பணியாக மாற்றியவர் அவ்வம்மையார். 2022-ல் விருதுநகரில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. பரம்பரைச் சோதனையும், மாதர் புற்று அறுவையில் தேர்ந்த நிபுணரும் அங்கேயே கிடைக்கவேண்டும் என்று கேட்பது ஜில்லாவின் பொதுஜன ஊழியர்கள் கடமை. சாலைக்கும் தெருவிளக்குக்கும் மனு எழுதும் கை இதற்கும் எழுதட்டும்.

கல்லூரியும் சர்க்காரும் செய்யவேண்டியதைச் செய்யட்டும். நேயர்கள் அவர்களுக்காகக் காத்திராது இன்றே செய்யத்தக்கதொன்று உண்டு. ஒரு தாளில் தாய்வழி மாதரையும் தந்தைவழி மாதரையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே என்ன நோய், எந்த வயதில் என்பதைக் கேட்டுக் குறியுங்கள். மார்புப் புற்றோ சூலகப் புற்றோ அதில் காணுமாயின், அத்தாளோடு வீட்டுப் பெண்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.