இஞ்சோங்கோன்குலு இண்டுங்கானே

வின்ஸ்டன் ஹியூ இஞ்சோங்கோன்குலு இண்டுங்கானே (பிறப்பு: ஏப்ரல் 2, 1941) தென்னாபிரிக்காவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆங்கிலிக்கன் பேராயர் ஆவார். 1996 முதல் 2007 வரை கேப் டவுன் பேராயராகப் பணியாற்றினார். நிறவெறி ஆட்சிக் காலத்தில் ராபன் தீவில் அரசியல் கைதியாக இருந்தவர். வறுமை, ஏழை நாடுகளின் கடன், எய்ட்ஸ் ஆகியவை குறித்து வெளிப்படையாகக் குரல் கொடுத்தமைக்காக அறியப்படுகிறார்.

இளமை

இவர் கொக்ஸ்டாட் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தையும் ஆங்கிலிக்கன் குருவாவார். 'இஞ்சோங்கோன்குலு' என்பதற்கு ஹோசா மொழியில் 'பெரும் குறிக்கோள்' என்று பொருள். ஆலிஸ் நகரிலுள்ள லவ்டேல் பள்ளியில் படித்தபின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

சிறைவாசம்

கறுப்பினத்தவர் எங்கு சென்றாலும் அனுமதிப் புத்தகம் ஒன்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்று அன்றைய சட்டம் கட்டாயப்படுத்தியது. அதனை எதிர்த்து 1960 மார்ச் மாதத்தில் நாடெங்கும் போராட்டங்கள் நடைபெற்றன. மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவல்துறையினர் சுட்டதில் 69 பேர் உயிரிழந்ததாக அரசு அறிவித்தது. இப்போராட்டங்களில் மாணவராகப் பங்கேற்ற இண்டுங்கானே, பின்னர் தடைசெய்யப்பட்ட பான் ஆபிரிக்கக் காங்கிரசின் செயற்பாடுகளுக்காகத் தண்டிக்கப்பட்டு, 1963 முதல் 1966 வரை மூன்று ஆண்டுகள் ராபன் தீவில் அடைக்கப்பட்டார். நல்ல கடவுள் இத்தகைய துன்பத்தை எவ்வாறு அனுமதிக்கிறார் என்ற கேள்வி அங்கு இவரை வாட்டியது. அந்தப் போராட்டத்தின் முடிவில், சிறையிலேயே குருவாகும் எண்ணம் இவருக்கு உண்டானது.

திருச்சபைப் பணி

ஆலிஸ் நகரின் புனித பேதுரு கல்லூரியில் இறையியல் பயின்று 1974 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் உயர்கல்வி பெற்றார். 1991 இல் கிம்பர்லி-குருமன் மறைமாவட்டத்தின் ஆயரானார். 1996 இல் டெசுமான்ட் டுட்டு ஓய்வுபெற்றபோது அவருக்குப் பின் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பேராயராக

நிறவெறி ஆட்சி 1994 இல் முடிவுற்றதால், டுட்டு எதிர்கொண்ட சூழலிலிருந்து இவர் காலத்துச் சூழல் வேறுபட்டிருந்தது. வாக்குரிமை பெற்ற மக்களில் பலர் வறுமையில் இருந்தனர். 1998 இல் ஏழை மக்களின் வாக்குமூலங்களைக் கேட்ட நாடளாவிய விசாரணை அமர்வுகளில் இவர் முக்கிய பங்கு வகித்தார். நிறவெறி அரசு வாங்கிய கடனை, அதனால் ஒடுக்கப்பட்ட மக்களே திருப்பிச் செலுத்துவது அநீதி என வாதிட்டார். ஏழை நாடுகளின் கடன்களை நீக்கக் கோரிய 'ஜூபிலி 2000' இயக்கத்தையும் ஆதரித்தார்.

தபோ உம்பெக்கி அரசு எய்ட்ஸ் நோய்க்கான மருந்துகளைப் பொது மருத்துவமனைகளில் வழங்கத் தயங்கியபோது அதனைக் கடுமையாகக் கண்டித்தார். தாம் சிறை சென்று போராடிய விடுதலையின் பயனாக அமைந்த அரசு என்பதற்காக இவர் மௌனம் காக்கவில்லை.

ஒருபாலுறவு குறித்து ஆங்கிலிக்கன் ஒன்றியத்தில் பிளவு ஏற்பட்டபோது, ஆபிரிக்கப் பேராயர்கள் பலரிடமிருந்து மாறுபட்டு, கருத்து வேறுபாட்டுடனும் ஒன்றாக இருக்க இயலும் என வலியுறுத்தினார். 2006 இல் கிகாலியில் கூடிய தென்னுலகப் பேராயர்களின் அறிக்கையிலிருந்து தம்மை விலக்கிக்கொண்டார்.

ஓய்வுக்குப் பின்

2007 இல் ஓய்வுபெற்றபின் தபோ மக்கோபா பேராயரானார். ஆபிரிக்காவுக்கு அளிக்கப்படும் உதவி வாக்குறுதிகள் நிறைவேற்றப்படுகின்றனவா என்று கண்காணிக்க, 2006 இலேயே 'ஆபிரிக்கன் மானிட்டர்' அமைப்பைத் தொடங்கியிருந்தார். லவ்டேல் போன்ற பழைமையான கறுப்பினப் பள்ளிகளைப் புதுப்பிக்கும் திட்டத்திற்கும் தலைமையேற்றார்.

தாம் மாணவராக இருந்த கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவைத் தலைவராகவும் விளங்கினார். மாணவர் போராட்டத்தைத் தொடர்ந்து, குடியேற்றவாத ஆட்சியாளர் செசில் ரோட்சின் சிலையை வளாகத்திலிருந்து அகற்ற அப்பேரவை 2015 ஏப்ரலில் முடிவெடுத்தது. சிலை ஏப்ரல் 9 அன்று அகற்றப்பட்டது.