விளையாட்டும் பணமும் – 9: சீட்டுப் போடும் முன்பே எடுத்து வைத்த பங்கு

போக்கர் நெடுங்காலம் தொலைக்காட்சிக்கு ஒத்துவராத ஆட்டமாகவே இருந்தது. ‘டெக்ஸஸ் ஹோல்டெம்’ முறையில் ஆளுக்கு இரண்டு சீட்டுகள் கவிழ்ந்தபடி இருக்கும்; நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள். கவிழ்ந்த இரண்டும் தெரியாவிட்டால், கட்டுப் பணத்தைத் தள்ளுபவர் நல்ல சீட்டோடு தள்ளுகிறாரா, வெறுங்கையோடு மிரட்டுகிறாரா என்று பார்ப்பவருக்கு எப்படிப் புரியும்?

அந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் ஹென்றி ஓரன்ஸ்டீன். போலந்தில் பிறந்த யூதர். நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் பிழைத்து அமெரிக்கா சென்று, பொம்மைத் தொழிலில் பெயர் பெற்றவர். கவிழ்ந்த சீட்டைக் கேமராவுக்குக் காட்டும் மேசைக்கு 1995-ல் காப்புரிமை பெற்றார். 1999-ல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய ‘லேட் நைட் போக்கர்’ நிகழ்ச்சியில், மேசை ஓரத்தில் பதித்த கண்ணாடிக்கு அடியிலிருந்து கேமரா பார்த்தது. சீட்டைக் கண்ணாடிமேல் நகர்த்தினால் போதும், வீட்டில் இருப்பவர் பார்த்துவிடுவார்.

2003-ல் லாஸ் வேகாஸின் உலகப் போக்கர் தொடரில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 25 லட்சம் டாலர் வென்றதை அமெரிக்காவே பார்த்தது. அந்த ஆண்டு முதன்மைப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். 2006-ல் 8,773 பேர்.

நேரலைக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. டிவியில் எதிராளியின் சீட்டைப் பார்த்த நண்பர், ஆடுபவருக்குச் சைகை காட்டிவிட்டால்? அதனால் 2011-ல் இ.எஸ்.பி.என். விளையாட்டு அலைவரிசை 15 நிமிடம் தாமதித்தே ‘நேரலை’ காட்டியது.

இப்படிக் கூடிய கூட்டத்தையும் பணத்தையும் தர்மத்தின் பக்கம் திருப்பியவர், ‘சர்க் டு சொலே’ சர்க்கஸ் குழுவின் நிறுவனர் கய் லாலிபெர்டே. குடிநீர்ப் பணிக்காக ‘ஒன் டிராப்’ அறக்கட்டளையைத் தொடங்கியவர். 2012 ஜூலையில் நடந்த ‘பிக் ஒன்’ போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10 லட்சம் டாலர். அதில் 1,11,111 டாலர் நேராக அறக்கட்டளைக்கு. வென்றால் தருகிறேன் என்ற வாக்குறுதியை அவர் நம்பியிருக்கவில்லை. முதல் சீட்டு விழுவதற்கு முன்பே 48 பேரின் பங்கும் ஒதுங்கிவிட்டது. மொத்தம் 53,33,328 டாலர்! தோற்றவர் பணமும் தண்ணீராகும் இந்த ஏற்பாடுதான் போக்கர் உலகம் கண்ட ஆகச் சிறந்த யோசனை.

இறுதியில் அன்டோனியோ எஸ்ஃபாண்டியாரியும் சாம் டிரிக்கெட்டும் மோதினர். எஸ்ஃபாண்டியாரியிடம் மூன்று ஐந்துகள் சேர்ந்துவிட்டன. டிரிக்கெட்டுக்கு இன்னும் ஒரு டைமண்ட் வந்தால் ‘ஃபிளஷ்’ (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்); அது மூன்று ஐந்துகளை வெல்லும். இரண்டு கைகளும் பார்வையாளருக்குத் தெரியும். ஆடுபவருக்கு அவரவர் கை மட்டுமே. டைமண்ட் வரவில்லை. எஸ்ஃபாண்டியாரிக்கு 1,83,46,673 டாலர் போய்ச் சேர்ந்தது. மூன்றாமிடம் பெற்ற முதலீட்டாளர் டேவிட் ஐன்ஹார்ன், தனக்குக் கிடைத்த 43 லட்சத்துக்கும் அதிகமான டாலரை ‘சிட்டி இயர்’ என்ற கல்வித் தொண்டு அமைப்புக்கே வழங்கினார்.

2014-ல் அதே போட்டியை வென்ற டேனியல் கோல்மன் பேட்டி தர மறுத்தார். பலர் வாழ்க்கையைக் கெடுக்கும் ஓர் ஆட்டத்துக்கு விளம்பரமாக அவருக்கு மனமில்லை. கேமரா முன் சொல்லப்படாத அந்தக் கணக்கையும், திரட்டிய நன்கொடையோடு சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும். மேசையில் எதைக் கொட்டியும் மீளாத குடும்பங்கள் உண்டு.

அதே 2014-ல், வென்றதில் 2 சதவீதத்தைத் தானம் தருவதாகக் கைகோத்த ஆட்டக்காரர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)