வாக்கிற்குக் கூலியா?

வாக்களிக்க வருவோர்க்கு அரசாங்கமே பணம் கொடுத்தல் தகுமா என்னும் வினா இக்காலத்தார் புதிதாகக் கண்டதன்று. குடியாட்சியின் தாயகமெனப் போற்றப்படும் ஏதென்ஸ் நகரம் இதனைப் பண்டே எதிர்கொண்டது.

அந்நகரத்துக் குடிமக்கள் பொதுச்சபையிற் கூடிக் கையுயர்த்தித் தம் தீர்ப்பை நேரே அளித்தனர். ஆயினும் சபைக்கு வருவார் தொகை குறைந்தது. சந்தையிற் கதைபேசி நிற்போரைச் செஞ்சாயந் தோய்த்த கயிற்றால் வளைத்துச் சபைக்குத் துரத்தும் வழக்கத்தை, அரிஸ்டோபனிஸ் என்னும் நாடகப் புலவர் கி. மு. 425 இல் அரங்கேறிய தம் நாடகத்திற் காட்டுகின்றார். கயிறு பயன்படாதவிடத்துக் காசு வந்தது. கி. மு. 403 இற் குடியாட்சி மீண்ட பின்னர், சபைக்கு வருவோர்க்கு ஒபோல் என்னும் சிறு வெள்ளிக்காசு ஒன்று வழங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அஃது இரண்டாகி, மூன்றாயிற்று. அரிஸ்டோட்டில் காலத்தில் அது ஆறாகவும், முதன்மைக் கூட்டங்களுக்கு ஒன்பதாகவும் உயர்ந்தது. பொதுப்பணிக்கும் மக்கள் கூலியாட்களைப் போலக் கைநீட்டுகின்றனரே என அரிஸ்டோபனிஸ் பிறிதொரு நாடகத்தில் எள்ளி நகையாடினார்.

அந்நகைப்பில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. அன்றாடம் உழைத்து உண்பவன் ஒரு பகலைச் சபையிற் கழிப்பின் அவன் வீட்டில் அடுப்பெரியாது. செல்வன் இழப்பது பொழுது. ஏழை இழப்பது உணவு. அவ்விழப்பை அரசு ஈடுசெய்தல் கையூட்டன்று, நீதி. ஈண்டு இரண்டு சொற்களை வேறுபிரித்து உணர்தல் வேண்டும். இழந்ததை நிரப்புவது படி. இழக்காதவனுக்கும் ஆசை காட்டுவது பரிசு.

பரிசின் வழியையும் சிலர் முயன்றனர். 2006 இல் ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வாக்களித்தோருள் ஒருவரைக் குலுக்கலால் தெரிந்து 10 இலட்சம் டொலர் வழங்கும் முன்மொழிவு மக்கள் தீர்ப்புக்கு விடப்பட்டது. வாக்களித்தாருள் மூவருக்கு இருவர் அதனை நிராகரித்தனர். கொலம்பியா நாடு 1997 இற் சட்டமியற்றி, வாக்களித்த மாணவர்க்கு அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் நூற்றுக்கு 10 கழிவு அளித்தது. அங்ஙனமிருந்தும் 2014 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலின் முதற்சுற்றில் வாக்களித்தோர் நூற்றுக்கு 40 பேரளவே.

வேட்பாளர் கொடுக்கும் அரிசியும் சேலையும் இன்னார்க்கு வாக்களியென்று கேட்கும்; அரசின் பரிசு அவ்வாறு கேளாது. இவ்வேற்றுமையை யான் மறுக்கவில்லை. ஆயினும், வாக்கு விலையுள்ள பண்டம் என்னும் எண்ணத்தை அரசே விதைத்தால், நாளை கூடிய விலையோடு வருபவனை அது எவ்வாயாற் கண்டிக்கும்? தக்காரைக் காணாமையால் ஒதுங்கி நிற்பவனது மௌனமும் ஒரு தீர்ப்பே. காசு அம்மௌனத்தைக் கலைக்கும்; அதன் காரணத்தைக் களையாது.

எம் நாட்டுச் சட்டம், வாக்களிக்கச் செல்லும் ஊழியர்க்கு 4 மணித்தியாலத்துக்குக் குறையாத விடுமுறையைச் சம்பளக் குறைப்பின்றி வழங்குமாறு தொழில்கொள்வோரைப் பணிக்கின்றது. இது படியின்பாற்படும். ஆனால் நாட்கூலிக்குச் செல்பவனுக்கும், வள்ளமேறும் மீனவனுக்கும், சந்தையிற் கீரை விற்கும் மூதாட்டிக்கும் அவ்விடுமுறையை யார் கொடுப்பார்? அன்னோரது ஒருநாள் இழப்பையும் வழிச்செலவையும் அரசு ஏற்குமாயின் அதனை யான் மனமார வரவேற்பேன். குலுக்கற் சீட்டை வரவேற்கமாட்டேன்.

தமிழில் ‘வாக்கு’ என்பது வாய்மொழியையும் குறிக்கும். கொடுத்த உறுதியையும் குறிக்கும். வாக்குரைக்க வருபவனது வழிச்செலவை ஏற்றல் அறம். அவன் வாக்கிற்கு விலை பேசுதல் அறமன்று என்பதே என் துணிபு.