மூடிய வழங்கற் சங்கிலி: நியாயமும் புத்தாக்க முதலீடும்

மாணவர்களே, கடையில் கண்ணாடிப் போத்தலில் குளிர்பானம் வாங்கும்போது, வெற்றுப் போத்தல் கொடுப்பதோ வைப்புப் பணம் கட்டுவதோ நீங்கள் அறிந்ததே. பொருளானது உற்பத்தியாளரிடமிருந்து வியாபாரிகள் ஊடாக நுகர்வோரைச் சென்றடையும் ஒழுங்கு வழங்கற் சங்கிலி ஆகும். பாவித்த போத்தல் உற்பத்தியாளரிடம் திரும்பி, மீண்டும் நிரப்பப்படுமாயின் அல்லது மூலப்பொருளாக்கப்படுமாயின் அது மூடிய வழங்கற் சங்கிலி எனப்படும்.

இதனால் உற்பத்தியாளருக்குப் புதிய போத்தலுக்கான செலவு மீதமாகின்றது. ஆனால் வெற்றுப் போத்தல்களைப் பொறுப்பேற்று, எண்ணி, இடம் ஒதுக்கி வைப்பவர் சில்லறை வியாபாரியே.

உதாரணம்:
ஒரு போத்தல் திரும்புவதால் உற்பத்தியாளருக்கு மீதமாவது ரூபா 10 எனவும், வியாபாரியின் கையாளற் செலவு ரூபா 3 எனவும் கொள்க.

(அ) கையாளற் கட்டணம் ரூபா 2 எனின், வியாபாரிக்குப் போத்தலொன்றுக்கு ரூபா 1 நட்டம். அவர் போத்தல் ஏற்பதைத் தவிர்ப்பார், சங்கிலி அறுந்துவிடும்.

(ஆ) கட்டணம் ரூபா 4 எனின், வியாபாரிக்கு ரூபா 1, உற்பத்தியாளருக்கு ரூபா 6 மிகுதி. சங்கிலி தொடரும்.

(இ) வியாபாரி போத்தல் எண்ணும் இயந்திரமொன்றில் முதலிட்டு, செலவை ரூபா 2 ஆகக் குறைக்கின்றார். உடனே உற்பத்தியாளர் கட்டணத்தை ரூபா 3 ஆகக் குறைத்தால், மீதமான ரூபா 1 முழுவதும் உற்பத்தியாளரையே சேரும். இயந்திரத்துக்கு இட்ட பணத்தை வியாபாரி மீளப்பெற முடியாது. இனி அவர் புத்தாக்கத்தில் முதலிடுவாரா?

நடைமுறையில் நோர்வே நாட்டை நோக்குவோம். அங்கு பிளாஸ்டிக் போத்தல்களையும் பானப் பேணிகளையும் மீளப்பெறும் ஒழுங்கு 1999 முதல் இயங்குகின்றது. இதனை நடத்தும் 'இன்ஃபினிட்டம்' நிறுவனம் உற்பத்தியாளர் தரப்புக்கும் வியாபாரிகள் தரப்புக்கும் பொதுவாக உரியது. கடைகளுக்குக் கையாளற் கட்டணம் வழங்கப்படும். போத்தலை நசுக்கும் இயந்திரம் வைத்துள்ள கடைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. ஏனெனில் நசுக்கிய போத்தல்கள் லொறியில் குறைந்த இடமே பிடிக்கும். போக்குவரத்துச் செலவு குறையும். அந்த மீதத்தில் கடைக்கும் பங்கு கிடைக்கின்றது. உற்பத்தியாளருக்கும் ஊக்குவிப்பு உண்டு: திரும்பும் வீதம் கூடக்கூடச் சூழல் வரி குறையும், 95% அல்லது அதற்கு மேற்படின் அவ்வரி இல்லை.

கவனிக்க: நியாயத்தை வியாபாரிக்குச் செய்யும் உதவி எனப் பலர் எழுதுகின்றனர். அது தவறு. செலவு செய்தவர் பயனிலும் பங்கு பெற்றாலே சங்கிலி மூடியிருக்கும். அடுத்த முதலீடும் வரும்.

மாதிரி வினா: மேலே (இ) இல் இரு தரப்பினரும் பயனடையக்கூடிய கட்டணம் ஒன்றைக் குறிப்பிட்டு, காரணம் தருக.

விடைக்குறிப்பு: ரூபா 3.50. இயந்திரத்தால் மீதமான ரூபா 1 இருவருக்கும் 50 சதம் வீதம் பகிரப்படும்.