இறந்தபின் எடுத்த குருதி

உயிர் பிரிந்ததும் உடலினுள் யாவும் அசைவற்று நின்றுவிடும் என்றே நாம் எண்ணுகிறோம். மருந்தைப் பொறுத்தவரை அஃது உண்மையன்று. வாழுங்காலத்தில் இதயத் தசை, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றில் மிகுதியாகத் தங்கும் மருந்துகள் உள. இறந்தபின் உயிரணுக்கள் சிதையச் சிதைய அவை அருகிலுள்ள குருதியிற் கசிந்து கலக்கின்றன. ஆகவே, இதயத்திலிருந்து எடுத்த குருதியில் மருந்தின் அளவு ஏறித் தோன்றும். அவ்வுறுப்புகளுக்குத் தொலைவிலுள்ள தொடைச் சிரைக் குருதியில் இம்மாற்றம் குறைவு. அறிஞர் அதனையே நாடுவதன் காரணம் இதுதான்.

1980, 1981ஆம் ஆண்டுகளில் கனடாவின் டொராண்டோ நகரில், மருத்துவமனை ஒன்றில் பச்சிளங் குழந்தைகள் பலர் இறந்தனர். சிலருடைய உடலில் டிகாக்சின் என்னும் இதய மருந்து மிகுந்து காணப்பட்டது. தாதி ஒருவர்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. போதிய சான்றில்லை என்று நீதிமன்றம் 1982இல் அவரை விடுவித்தது. டிகாக்சினோ இதயத் தசையைப் பற்றி நிற்பது. இறந்தபின் குருதியில் அளவு உயரும் இயல்பினது. அவ்விறப்புகளின் காரணம் பற்றிய வாதம் நெடுங்காலம் நீடித்தது.

ஆய்வுக்கூடம் தரும் எண் சரியாகவே இருக்கலாம். ஆயினும், எவ்விடத்துக் குருதி, இறந்து எத்துணை நேரங்கழித்து எடுத்தது என்னும் இரண்டையும் அறியாமல் அதற்குப் பொருள் காணலாகாது. பிழைபடப் பொருள்கொண்டால், குற்றமற்றவர் தலையில் பழி விழும். குற்றவாளி தப்பவும் கூடும்.