நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை

பழிச்சொல் சுமந்த ஊர்கள் – 6

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்!"

அரசு அலுவலகங்களில் மேலதிகாரிகள் கோபத்தில் உதிர்க்கும் இந்த மிரட்டலில் ஊர்ப்பெயர் வராது. வரத் தேவையும் இல்லை. அது ராமநாதபுரம்தான் என்பது மிரட்டுகிறவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டு நிற்கிறவருக்கும் தெரியும். சினிமா இந்த வசனத்தை எத்தனையோ முறை சிரிப்புக்குப் பயன்படுத்திவிட்டது. அரங்கமே சிரிக்கும்போது, முதுகுளத்தூரிலிருந்தோ கமுதியிலிருந்தோ சென்னைக்குப் படிக்க வந்த பிள்ளைக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. மறுநாள் யாராவது கேட்பார்கள்: "எந்த ஊர் தம்பி?" "ராமநாதபுரம்ணே." "அட, தண்ணியில்லாக் காடா?"

அந்தப் பிள்ளை பதிலுக்குப் பெரும்பாலும் ஒரு பெயரைச் சொல்லும்: அப்துல் கலாம். 1931-ல் ராமேசுவரத்தில் பிறந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரை போனவர். இன்னும் பேசத் தெரிந்த பிள்ளையானால் 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைச் சொல்லும். சிகாகோ போக விவேகானந்தருக்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதியையும், 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரையும் சொல்லும். எல்லாமே பெருமைதான். ஆனால், பழி விழுந்தது தண்ணீரின் மேல். அதற்குப் பதிலும் தண்ணீரிலிருந்தே வர வேண்டும். அந்தப் பதில் இந்தச் சீமையிடம் இருக்கிறது.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. பாலைவனத்துக்கு இவ்வளவு மழை ஏது? சிக்கல் அது பெய்யும் விதத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழையை நம்பித்தான் ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். வருஷநாட்டு மலையில் பிறக்கும் வைகையோ தேனி, மதுரை, சிவகங்கை வயல்களையெல்லாம் கடந்து வருகிறது. ராமநாதபுரம் அதன் கடைமடை. கடைமடைக்காரன் பாடு எந்த ஆற்றிலும் ஒன்றுதான்.

சில மாதங்களில் கொட்டித் தீர்க்கும் மழையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதம் பிழைக்க முடியுமா? இந்த மண்ணின் முன்னோர் அதற்குக் கட்டிய விடைதான் கண்மாய். நிலம் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை போல மண்கரை எழுப்பினார்கள். வரத்துக்கால் வழியே வரும் வெள்ளம் உள்வாயில் நிறையும். மடை திறந்தால் ஆயக்கட்டுக்குப் பாயும். மிஞ்சியது கலுங்கு தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. இப்படிக் கோத்துவிட்ட கண்மாய்கள் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேல். குடிதண்ணீருக்குத் தனியாக ஊருணி உண்டு. அதில் கால் நனைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்த ஊர்கள் பல.

வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் வந்து சேர்கிறது. அது நிறைந்த பிறகு வழியும் உபரி மட்டுமே ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலுக்குப் போகும். சிவனுக்கு நஞ்சு கொடுத்த பாவி கடல் என்பதால் வைகை அதோடு சேர மறுத்தது என்று புலவர்கள் கதை கட்டினார்கள். கதை அழகானது. கரை கட்டி ஆற்றைத் தேக்கிய கைகளுக்கும் அதில் பங்கு தர வேண்டும்.

பெரியது என்றால் எவ்வளவு பெரியது? ராஜசிங்கமங்கலம் கண்மாயைக் கேட்டால் தெரியும். பாண்டியன் ராஜசிம்மன் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் அது. அதன் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பது ஊர் வழக்கு. ஒரே மூச்சில் நாரைகூடத் தாண்ட முடியாத நீர்ப்பரப்பு, 48 மடைகள். தண்ணியில்லாக் காடு என்கிறவரிடம் ஒரு ராமநாதபுரத்துப் பிள்ளை முதலில் சொல்ல வேண்டியது இந்தச் சொலவடையைத்தான்.

நாரை என்றதும் இன்னொன்று. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைப் பட்டியலிடும் ராம்சார் ஒப்பந்தத்தில் 2022-ல் காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் இடம்பெற்றன. 2025-ல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தன. நான்குமே ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்கள். நான்குமே பறவைக்காக வெட்டியவை அல்ல, பாசனத்துக்காக மனிதர் வெட்டியவை. தமிழ்நாட்டுக்கு அப்போது கிடைத்திருந்த ராம்சார் தகுதிகள் மொத்தம் 20. அவற்றில் இந்த நான்கும் 'தண்ணியில்லாத' மாவட்டத்தின் உள்நாட்டு நீர்நிலைகள்! கடல்பகுதியான மன்னார் வளைகுடா இந்த நான்கில் சேராது, அது தனி. மழை முடிந்ததும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் இங்கே வந்து இறங்குகின்றன.

வயலுக்கு வந்தால் பெருமை சிவப்பாக இருக்கிறது. காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் உழவர்கள் இவர்கள். வறட்சி தாங்கும் சித்திரைக்கார் இவர்கள் காப்பாற்றி வைத்த சிவப்பரிசி. கூடவே முண்டு மிளகாய். குண்டாக, தடித்த தோலோடு இருக்கும் இந்த மிளகாய்க்குத் தஞ்சாவூர் அளவுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியதில்லை. களத்தில் காயப்போட, எல்லோரும் குறைசொல்லும் அதே வெயில் போதும். 2023 பிப்ரவரியில் ராமநாதபுரம் முண்டு மிளகாய் புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பெயர் ஒரு பொருளோடு சேர்ந்து சட்டப்படி மதிப்புப் பெற்ற நாள் அது. தொலைக்காட்சிகள் அதைச் சில நொடிகளில் சொல்லி முடித்துவிட்டன. இந்தத் தொடர் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறது.

இதனால் குறையே இல்லை என்று ஆகிவிடாது. பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு பெண்கள் நடக்கும் காட்சி இன்றும் பல கிராமங்களில் உண்டு. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தும் அந்த வண்டிகள் ஓய்ந்துவிடவில்லை. கண்மாய் உள்வாய்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, வரத்துக்கால்கள் தூர்ந்து கிடக்கின்றன. அதே சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பல குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதும் உண்மை. தள்ளுவண்டியை மறைத்துவிட்டுச் சொல்லும் பெருமையை அந்த வண்டியைத் தள்ளுகிற பெண்ணே நம்பமாட்டார். ஆனால், குடிமராமத்து என்று ஊரே கூடிக் கரை பலப்படுத்திய வழக்கம் உள்ள மண்ணில், தண்ணீர்த் தட்டுப்பாட்டைத் தலையெழுத்து போலப் பேசுவது அநியாயம். விட்டுப்போனது பராமரிப்பு. அதை மீட்க முடியும்.

பங்குனி வெயில் ஏறும்போது நாரைகள் குஞ்சுகளோடு கிளம்பிவிடும். கண்மாய் மெல்ல வற்றும். வெடித்த உள்வாயில் ஆடுகள் மேயும். அடியில் படிந்த வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பார்கள். வண்டல் எடுத்த இடம் ஆழமாகும், ஐப்பசியில் வரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் முதலில் நிற்கும்.

(தொடரும்)