முறையிடுவார் யார்?

விளாத்திகுளம் என்னும் பெயரைக் கேட்ட அளவில் இசையன்பர்க்கு நல்லப்ப சுவாமிகளின் நினைவு வரும். உழவர்க்குக் கரிசல் மண்ணும் மிளகாய் வற்றலும் நினைவிற்கு வரும். அத்தாலுகாவில் கடலை நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் நிலம் உவர்நிலமாகி, உப்பளங்கள் தோன்றும். அப்பக்கத்து ஊர்களுள் ஒன்று குளத்தூர். 2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இவ்வூரின் பெயர் செய்தித்தாள்கள் பலவற்றில் அச்சேறிற்று. உப்பளத்தில் வேலை செய்துவந்த இளைஞன் ஒருவனும் நங்கை ஒருத்தியும், வெவ்வேறு சாதியினராயினும், ஒருவரையொருவர் விரும்பி மணம் புரிந்துகொண்டனர். மணமாகிச் சில திங்களே சென்றிருந்தன. ஒருநாள் இரவு உறங்கிக்கொண்டிருந்த அவ்விருவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். இக்கொலைக்காகப் போலீஸார் கைது செய்தது அந்நங்கையின் தந்தையை.

இத்தகைய கொலைகளை முன்னர் 'கௌரவக் கொலை' என்று வழங்கினர். கொலையில் கௌரவம் ஏது என்று கேட்டவர்கள் 'ஆணவக் கொலை' என்று பெயர் மாற்றினர். பொருத்தமான மாற்றமே. ஆயினும், பெயரை மாற்றுவதனால் மட்டும் தீராத இடர்ப்பாடு ஒன்று இவ்வழக்குகளில் உண்டு. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒருவன் கொல்லப்பட்டால் காவல் நிலையத்திற்கு ஓடிவருவார் யாவர்? தந்தை, தாய், உடன்பிறந்தார் ஆகியோரே. பிணத்தை அடையாளம் காட்டுவாரும், சாட்சி கூறுவாரும், ஆண்டுகள் பல சென்றாலும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குவாரும் அவரே. கொன்றவரும் அவரேயாயின் முறையிடுவார் யார்? விவிலியம் கூறும் முதற்கொலையும் உடன்பிறந்தான் செய்த கொலையே. ஆபேலுக்காக வழக்குரைக்க மனிதர் ஒருவரும் முன்வந்ததாக அங்குக் கூறப்படவில்லை. மண்ணில் சிந்திய குருதியே முறையிட்டது என்கிறது அந்நூல்.

தமிழ் பயில்வார்க்கு முறையீடு என்றவுடன் கண்ணகி நினைவிற்கு வருவாள். அவள் தன் கணவனுக்காகப் பாண்டியன் அவையில் சிலம்பொடு நின்றாள். வாயிற்காவலன் அவள் வரவை அரசனுக்கு அறிவித்தான்; அரசனும் அவள் உரையைக் கேட்டான். முறையிடுவார், முறையீட்டை உள்ளே கொண்டுசெல்வார், அதனைக் கேட்பார் என்னும் மூவரும் அங்கு இருந்தனர். 2003-ஆம் ஆண்டில் அதே பெயருடைய பெண் ஒருத்திக்கு இம்மூவருள் எவரும் எளிதிற் கிட்டவில்லை.

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்துள்ள புதுக்கூரைப்பேட்டை என்னும் ஊரினள் அக்கண்ணகி. குப்பநத்தம் புதுக்காலனியைச் சேர்ந்த முருகேசன் வேதிப் பொறியியல் பட்டதாரி, தாழ்த்தப்பட்ட வகுப்பினன். கண்ணகி வன்னிய வகுப்பினள். இருவரும் 2003 மே 5-ஆம் நாள் கடலூர்ப் பதிவு அலுவலகத்தில் மணம் பதிவு செய்துகொண்டு, அதனை வெளியிடாமல் இருந்தனர். செய்தி வெளிப்பட்டபின், ஜூலை 8-ஆம் நாள், கண்ணகியின் வீட்டாரும் அவர்களைச் சார்ந்தோரும் இருவரையும் பிடித்து, ஊரார் பலர் காணச் சுடுகாட்டில் நஞ்சு புகட்டிக் கொன்றனர், உடல்களையும் எரித்தனர்.

முருகேசனின் தந்தை முறையிடச் சென்றபோது காவல் நிலையத்தில் அவரது புகார் ஏற்கப்படவில்லை. செய்தி இதழ்களில் வந்தபின், ஜூலை 17-ஆம் நாளில்தான் வழக்குப் பதிவாயிற்று. அப்பதிவும் நேரியதாக இல்லை. இரு வீட்டாரும் தத்தம் பிள்ளையைத் தாமே கொன்றனர் என்பதுபோலக் கதை புனையப்பட்டு, முருகேசனின் உறவினரும் எதிரிகளாகச் சேர்க்கப்பட்டனர். மகனைப் பறிகொடுத்த குடும்பமே கொலைக்குற்றத்திற்கு ஆளாயிற்று. வழக்கறிஞர் பொ. இரத்தினம் முதலியோரின் முயற்சியால், 2004-இல் சென்னை உயர்நீதிமன்றம் இவ்வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிற்று. அத்துறையின் விசாரணையில் புனைகதை உடைந்தது.

எனினும் தீர்ப்பு விரைந்து வரவில்லை. 2021 செப்டம்பர் 24-ஆம் நாள் கடலூர்ச் சிறப்பு நீதிமன்றம் கண்ணகியின் உடன்பிறந்தானுக்குத் தூக்குத் தண்டனையும், தந்தை உள்ளிட்ட பன்னிருவர்க்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. அப்பன்னிருவருள் இருவர் போலீஸ் அதிகாரிகள் என்பது கருதத் தக்கது. 2022 ஜூன் திங்களில் உயர்நீதிமன்றம் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. எதிரிகள் இருவரை விடுவித்தது. உதவி ஆய்வாளரின் தண்டனையை இரண்டாண்டாக்கிற்று. ஆய்வாளரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. 2025 ஏப்ரல் 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளி, முருகேசனின் தந்தைக்கும் சிற்றன்னைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தமிழக அரசுக்கு ஆணையிட்டது. கொலை நிகழ்ந்து ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன.

இவ்வழக்கினின்று நாம் அறிய வேண்டுவன மூன்று.

முதலாவது, புகாரைப் பதிதல். குற்ற வழக்கின் வித்து முதல் தகவல் அறிக்கையே. அது பதியப்படும் வரையில் சட்டத்தின் கண்ணுக்குக் கொலை நிகழவே இல்லை. அந்த ஒன்பது நாட்களில் சாம்பல் கலையும், சாட்சிகள் மிரட்டப்படுவர், கதைகள் புனையப்படும். கைது செய்தற்குரிய குற்றம் நிகழ்ந்ததெனத் தகவல் வரின், அதனைப் பதிந்தே ஆகவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013-இல் லலிதகுமாரி வழக்கில் உறுதியாகக் கூறிற்று. 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டமும், குற்றம் எவ்விடத்து நிகழ்ந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம் என்கிறது. புகாரளிப்பார் உறவினராய் இருத்தல் வேண்டும் என்னும் விதி யாண்டும் இல்லை. குற்றவழக்கில் வாதி அரசே. தகவல் தருவார் எவராயினும் ஆகலாம்.

இரண்டாவது, சாட்சி. புதுக்கூரைப்பேட்டையில் கண்டவர் பலர். நீதிமன்றத்தில் கண்டதைக் கூறியவர் சிலர். பலர் பிறழ்சாட்சிகளாயினர். ஒரே ஊரில் நாளும் முகம் பார்த்து வாழ வேண்டியவர்க்கு உண்மையுரைத்தல் எளிதன்று. அந்நிலையிலும் முருகேசனின் சிற்றன்னை தாம் கண்டதை உரைத்தார். அவர் உறவினர் என்னும் காரணம் பற்றியே அவர் சாட்சியைத் தள்ளுதல் கூடாது என்று நீதிமன்றம் கொண்டது. சாட்சிகளைக் காக்கும் திட்டம் ஒன்றிற்கு 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஒப்புதல் அளித்து, அது நாடெங்கும் சட்டம்போல் நடைபெற வேண்டும் என்றது. அத்திட்டம் தாளில் நில்லாது ஊர்களைச் சென்றடைதலே இனி வேண்டுவது.

மூன்றாவது, முறையீட்டைக் கேட்க வேண்டியவரே அதனை மறைத்தால் அவரும் குற்றவாளியே என்னும் நெறி. சிலம்பின் வாயிற்காவலன் தன் கடமையைச் செய்தான். விருத்தாசலத்தில் கடமை தவறிய அதிகாரிகள் தண்டனை பெற்றனர். சாதிக் கொலை வழக்குகளின் வரலாற்றில் இது பெரிதும் அரியதொரு செய்தியாகும்.

இனி, முறையிடுவார் வீட்டிற்குள்ளிருந்தே எழுந்த வழக்கு ஒன்றைக் காண்போம். 2016 மார்ச் 13-ஆம் நாள் உடுமலைப்பேட்டையில் சங்கர் என்னும் பொறியியல் மாணவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த மனைவி கௌசல்யா படுகாயமுற்றும் உயிர் பிழைத்தார். தம் கணவனுக்காகத் தம் பெற்றோர்க்கு எதிராகவே அவர் சாட்சி கூறினார். 2017 டிசம்பர் 12-ஆம் நாள் திருப்பூர் நீதிமன்றம் அவர் தந்தை உள்ளிட்ட அறுவர்க்குத் தூக்குத் தண்டனை விதித்தது, தாயை விடுவித்தது. 2020 ஜூன் 22-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் தந்தையையும் விடுவித்து, ஏனை ஐவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. வெட்டியவனைக் காட்டும் சான்று ஒன்று. ஏவியவனைக் காட்டும் சான்று வேறு. கூட்டுச்சதி என்பது ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். நீதியை நாடுவார் கண்ணீரையன்றிச் சான்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருத்தலை இவ்வழக்கு காட்டுகிறது.

ஊரறிய நிகழும் கொலையே இத்துணை அரிதின் மெய்ப்பிக்கப்படின், நான்கு சுவர்க்குள் நிகழ்வது எங்ஙனம் வெளிப்படும்? இதற்கும் சட்டம் ஒருவழி கண்டுள்ளது. வீட்டிற்குள் ஒருவர் கொல்லப்பட்டிருக்க, உடனிருந்தவர் அது நிகழ்ந்த வகையை ஏற்கத்தகும்படி விளக்க வேண்டும். வாய்திறவாமை அவர்க்கு எதிராகக் கொள்ளப்படலாம் என்று 2006-இல் திரிமுக் மரோதி கிர்க்கன் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிற்று. அடியும் வசையுமாக வளரும் கொடுமையைக் கொலைக்கு முன்னரே தடுத்தற்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. கொடுமை நிகழ்கிறதென நம்பக் காரணமுடைய எவரும் பாதுகாப்பு அலுவலர்க்குத் தெரிவிக்கலாம் என்பதும், நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கு வாராது என்பதும் அச்சட்டத்தின் சிறப்பியல்புகள். 'அடுத்த வீட்டுச் சண்டை நமக்கெதற்கு?' என்பார்க்கு இஃது ஏற்ற விடையாம்.

வயது வந்த இருவர் மணந்துகொண்டால், மனமில்லாத பெற்றோர் உறவை விலக்கிக் கொள்ளலாமேயன்றி அச்சுறுத்தவோ துன்புறுத்தவோ உரிமையுடையரல்லர் என்று 2006-இல் லதா சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்திற்று. 2018 மார்ச் 27-ஆம் நாள் சக்தி வாஹினி வழக்கில், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், அச்சமுற்ற தம்பதியர்க்குப் பாதுகாப்பு இல்லங்களும் அமைக்கவும், கடமை தவறும் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது.

இவ்வாணைகளுக்குப் பின்னரே குளத்தூர்க் கொலை நிகழ்ந்தது. அதற்கும் பின்னர், 2025 ஜூலை 27-ஆம் நாள், தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர் பாளையங்கோட்டையில் கொல்லப்பட்டார். அவர் விரும்பிய பெண்ணின் உடன்பிறந்தான் கைதானான். அக்டோபர் திங்களில், ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் பற்றி ஆராய்ந்து பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே. என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் எனத் தமிழக அரசு அறிவித்தது. ஆணைகள் பல இருந்தும் கொலை நின்றபாடில்லை என்பதே அவ்வறிவிப்பின் பொருள்.

நண்பர்காள்! தனிச்சட்டம் வரினும், அதனை இயக்க ஒருவர் முறையிட்டே ஆகவேண்டும். கொலைக்கு முன்னரே அறிகுறிகள் பல தோன்றும். கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த தோழி திடீரென நின்றுவிடுகிறாள். அவள் கைப்பேசி பறிக்கப்படுகிறது. விருப்பமில்லா மணம் விரைந்து பேசப்படுகிறது. இவற்றை முதலில் அறிபவர் உடன் பயிலும் நாமே. 181 என்னும் மகளிர் உதவி எண்ணையோ 112 என்னும் அவசர எண்ணையோ அழைக்க உறவு முறை வேண்டா. அறிந்தவர் என்னும் தகுதி ஒன்றே போதும்.

குளத்தூரில் உறங்கிய இருவர்க்கும் அவ்விரவில் காவல் இல்லை. பெற்ற தந்தையைக் கண்டு பிள்ளைகள் அஞ்ச நேர்ந்த வீட்டிற்கு ஊரே உறவாதல் வேண்டும். 'முறையிடுவார் யார்?' என்னும் வினாவிற்கு, 'அறிந்தவர் அனைவரும்' என்பதே யாம் கண்ட விடை.